தோலின் தூய்மையும் கையின் தூய்மையும்

சரியான விடையும் சில வேளைகளில் ஒருவனைத் தவறான வழியில் நடத்திவிடும் என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நான் அறிந்துகொண்டேன். இளமையில் மதரஸாவில் ஓதினேன். பிறகு இத்தனை ஆண்டுகளாக ஓதிக் கொடுத்தும் வருகிறேன். ஆயினும் அந்தப் பாடத்தை எனக்குப் புகட்டியது ஒரு கிதாபு அன்று. மானின் நான்கு கால் தோல்கள்.

திருவதிகையில், கெடில நதிக்கு அணித்தாக உள்ள ஒரு தெருவில் குடியிருக்கிறேன். வீரட்டானத்தால் பெயர் பெற்ற ஊர் இது. கையில் மானை ஏந்தியும், தோலை ஆடையாகக் கொண்டும் காட்டப்பெறும் இறைவனை நாவுக்கரசர் பாடிய ஊர். ஆகவே மானும் தோலும் இவ்வூர்க் காற்றுக்குப் புதியவை அல்ல. தெற்கே நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம். அங்கே லாரி ஓட்டும் இளைஞன் ஒருவன் என் பழைய மாணவன். ஓட்டுநர் வேலை போக மிஞ்சிய நேரத்தில் தோலில் பணப்பை, கத்தி உறை, மூக்குக் கண்ணாடிக் கூடு என்று தைத்துப் பழகியவன். கைத்திறன் உள்ள பிள்ளை. இலக்கணம் அவனுக்கு ஏறவில்லை; ஊசி ஏறியது.

ஒருநாள் மஃரிபுக்குச் சற்று முன் தொலைபேசியில் அழைத்தான். "ஹஜ்ரத், செத்துப்போன மானின் தோலைப் பதனிட்டால் அது சுத்தமாகுமா?" என்று கேட்டான். நான் உளூச் செய்யப் போய்க்கொண்டிருந்தேன். "ஆகும் தம்பி. நம் மத்ஹபில் நாயும் பன்றியும் நீங்கலாக மற்றவற்றின் தோல் பதனிட்டால் சுத்தமே" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஃபிக்ஹு நூல்களில் தூய்மை பற்றிய முதல் பாடத்திலேயே வருகின்ற மஸ்அலா. தவறு என்று எவரும் சுட்ட முடியாத விடை.

ஒரு மாதம் சென்றபின் அவனே நேரில் வந்தான். திண்ணையில் அமர்ந்து நடந்ததைச் சொன்னான். எங்கள் மாவட்டத்தின் மேற்கே, காட்டை ஒட்டிய சாலையில் வாகனம் மோதி இறந்த புள்ளிமான் ஒன்றை அவன் பார்த்திருக்கிறான். வனத்துறையினர் வந்து, கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதித்து, தோலோடும் கொம்போடும் அதனை அப்புறப்படுத்திவிட்டார்கள். அவ்வளவு அழகிய தோல் யாருக்கும் பயன்படாமல் மறைந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. "வீண் விரயம் ஷைத்தானின் சகோதரர்களுடைய வேலை என்று நீங்கள்தானே ஓதிக் கொடுத்தீர்கள்?" என்று என்னையே கேட்டான். அதன்பின் எங்கெங்கோ விசாரித்து, மான் தோல் கிடைக்கும் என்று சொன்ன ஒருவரைப் பிடித்து, ஐந்நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"முழுத் தோல் கேட்கவில்லை ஹஜ்ரத். முழங்காலுக்குக் கீழே உள்ள தோல் மட்டும். நான்கு துண்டுகள்."

"செத்த மான்தானா அது?"

"அப்படித்தான் சொன்னார். வாரம் ஒன்று கிடைக்குமாம்."

வாரந்தவறாமல் சாகின்ற மான்கள்! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் விடையின் மறுபாதியை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன் என்பது உறைத்தது. இந்தக் கட்டுரை அந்த மறுபாதியே.

முதலில் அவனுடைய ஆசையை இழிவாக நினைத்துவிடலாகாது. கால் தோல் என்பது கைவினைஞனுக்கு அருமையான பொருள். உடலின் தோலைவிடக் குறுகியது, கொழுப்புக் குறைவானது, இறுக்கமானது. அதன்மேல் உள்ள உரோமம் குட்டையாகவும் விறைப்பாகவும் ஒரே திசையில் படிந்தும் இருக்கும். வடதுருவத்தை அடுத்து வாழும் சாமி இனத்தார் தம் கலைமான்களின் கால் தோலைத் தேர்ந்தெடுத்தே பனிக்காலக் காலணிகளைத் தைக்கிறார்கள். சைபீரிய வேடர்கள் அதே தோலைப் பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் ஒட்டுவார்கள். உரோமம் படிந்த திசையில் கட்டை வழுக்கி முன்னே செல்லும், மேட்டில் ஏறும்போது பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் உரிமம் பெற்று மான் வேட்டையாடும் குடும்பங்களில், இறைச்சிக்குப்பின் எஞ்சிய கால் தோலை வீட்டு முற்றத்திலேயே பதனிட்டுச் சிறு பைகளும் உறைகளும் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது சிக்கனம். அந்த நாட்டில் அந்தச் செயலைக் குறைகூற எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் தோல் பதனிடுதல் நம் வரலாற்றுக்கும் புதிதன்று. பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே நடந்த வேலை அது. அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் ஆடு ஒன்று இறந்துபோக, அதன் தோலைப் பதனிட்டு, அது நைந்து போகும்வரை பேரீச்சம்பழம் ஊறிய நீருக்குப் பாத்திரமாகப் பயன்படுத்தினார்கள் என்று புகாரியில் காண்கிறோம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையாலேயே தோலைப் பதனிட்டு, தைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்தவர்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மூத்தா போர்க்களத்தில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்த நாளில், அவர்தம் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நாற்பது தோல்களைப் பதப்படுத்தி, மாவைப் பிசைந்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். துயரச் செய்தியைச் சொல்லவந்த வரலாறு இந்தச் சிறு விவரத்தையும் மறக்காமல் வைத்திருக்கிறது. தோல் வேலை என்றால் முகம் சுளிப்பவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். வடஆர்க்காட்டுத் தோல் ஷாப்புகளை நம்மவர் பலர் நடத்தினார்கள். ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாரே. நம் கை கணக்குப் புத்தகத்தைத்தான் பிடித்தது. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் கையோ தோலையே பிடித்தது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் உரிமைவிட்ட பணிப்பெண் ஒருவருக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு இறந்து கிடந்தது. அதனைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்திக்கொள்ளலாகாதா என்று வினவினார்கள். செத்த ஆடாயிற்றே என்று உடனிருந்தோர் கூற, உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கம் தந்தார்கள். வேறோர் அறிவிப்பில், நீரும் கரழும் அதனைத் தூய்மையாக்கும் என்ற கருத்தும் வருகின்றது. இந்தக் 'கரழ்' எது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் அவர்களைச் சன்னலண்டை அழைத்துச் சென்று காட்டுவது வழக்கம். அது வேறெதுவும் இல்லை. நம் ஏரிக்கரையில் நிற்கின்ற கருவேல மரம். அதன் காயிலும் பட்டையிலும் உள்ள துவர்ப்பே தோலைத் தோலாக்குகின்றது. மதீனாவின் மருந்து நம் ஏரிக்கரையிலும் காய்த்துக்கொண்டிருக்கின்றது.

ஷாஃபிஈ நூல்கள் இதில் ஒரு நிபந்தனையை வற்புறுத்துகின்றன. வெயிலில் காயவைத்தாலோ உப்பைத் தடவினாலோ போதாது. துவர்ப்பும் காரமும் உள்ள பொருளால் தோலில் தங்கியுள்ள ஈரமும் கசடும் நீக்கப்படவேண்டும். பிறகு அதை நீரில் ஊறவைத்தாலும் நாற்றமும் அழுகலும் திரும்பி வரலாகாது. ஹனஃபி இமாம்கள் இங்கே சற்றுத் தாராளமானவர்கள். வெயிலும் மண்ணும் உலர்த்தினாலும் பதனிட்டதாகவே கொள்வர். மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகளில் பெயர்பெற்ற கருத்தோ, செத்த பிராணியின் தோல் பதனிடுவதால் முழுத் தூய்மை அடைவதில்லை என்பது. பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதிக் காலத்தில் எழுதப்பட்டதாக வரும் ஒரு மடலை அவர்கள் சான்று காட்டுவர். அந்த மடலில் வரும் 'இஹாப்' என்ற சொல் பதனிடாத பச்சைத் தோலையே குறிக்கும் என்று மொழியறிஞர் விடை கூறினர்.

இங்கே அரபி படித்தவனுக்கு இனிக்கும் செய்தி ஒன்று உண்டு. பதனிடும் பொருள்களின் வரிசையில் சட்ட நூல்கள் கூறும் ஒரு சொல்லைச் சிலர் 'ஷப்' என்று படித்தனர். சிலர் 'ஷத்' என்று படித்தனர். கீழே ஒரு புள்ளி இட்டால் படிகாரத்தைப் போன்ற தாதுப்பொருள். மேலே மூன்று புள்ளி இட்டால் கசப்பான ஒரு செடி. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இவ்விரண்டையும் எடுத்துப் பேசி, இரண்டாலும் பதனிடலாம் என்றே முடிக்கிறார்கள். என் மாணவன் வீட்டில் செய்து பார்த்தபோது இந்தப் புள்ளி விவகாரத்துக்கு வேறு ஒரு பொருளும் புலப்பட்டது. படிகாரமும் உப்பும் மட்டும் இட்டுப் பதனிட்ட தோல் வெண்மையாகவும் மென்மையாகவும் வருகிறது. ஆனால் நன்றாக நீரில் அலசினால் படிகாரம் கரைந்து போகும், தோல் மறுபடியும் பச்சைத் தோலின் குணத்துக்குத் திரும்பத் தொடங்கும். பட்டையின் துவர்ப்போ தோலின் நார்களோடு பிணைந்துவிடுகிறது. அலசினாலும் எளிதில் போகாது. 'நீரில் ஊறினாலும் நாற்றம் திரும்பலாகாது' என்று இமாம்கள் வைத்த சோதனை இவ்வேறுபாட்டை அப்படியே பிடித்துவிடுகின்றது. நூலறிவும் தொழிலறிவும் ஒரே குழியில் இறங்கிப் பார்த்தவர்கள் எழுதிய சட்டம் அது என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆகவே நான் சொன்ன விடையில் பிழையில்லை. மான் உண்ணத்தகும் பிராணி. எனவே, உண்ணத்தகும் பிராணிகளின் தோலுக்கு மட்டுமே சலுகை தந்த இமாம்களும் இதனைத் தடுக்கமாட்டார்கள். பிழை எங்கே? அவன் கேட்டது "சுத்தமாகுமா" என்று. அவன் விளங்கிக்கொண்டது "செய்யலாம்" என்று. நான் விளங்க வைத்திருக்கவேண்டியவனோ தொழுகைக்கு விரைந்துகொண்டிருந்தேன்.

தூய்மை என்பது பொருளைப் பற்றிய தீர்ப்பு. ஆகுமா ஆகாதா என்பது மனிதனைப் பற்றிய தீர்ப்பு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நம் ஃபிக்ஹே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றது. பிறன் ஆடையைப் பறித்துக்கொண்டு அதனை உடுத்தித் தொழுதவனின் தொழுகை செல்லுமா? செல்லும், ஆனால் அவன் பாவி என்று ஷாஃபிஈ இமாம்கள் கூறுவர். பறித்தெடுத்த நீரில் உளூச் செய்தாலும் அவ்வாறே. ஆடையில் அழுக்கில்லை, நீரில் அசுத்தமில்லை. அவற்றைப் பற்றிய கையில்தான் குற்றம். (ஹன்பலிகள் இந்தத் தொழுகையே செல்லாது என்பர். வயது ஏற ஏற எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது; மத்ஹப் மாறும் எண்ணம் இல்லை.)

மைமூனா (ரலி) அவர்கள் தொடர்பான ஹதீஸை நான் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். இந்தச் சங்கடம் வந்த பிறகே ஒன்று கண்ணில் பட்டது. தோலைப் பயன்படுத்தலாகாதா என்ற கேள்வி ஆட்டுக்கு உரியவர்களிடம் கேட்கப்பட்டது. அந்த ஆடு ஒருவருக்குத் தர்மமாக வந்து சேர்ந்த உடைமை. சாலையில் கிடந்த மான் யாருடையது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டில் வாழும் பாதுகாக்கப்பட்ட விலங்கு உயிரோடு பிடிபட்டாலும் இறந்து கிடந்தாலும் அரசின் உடைமை. தோலும் கொம்பும் அதில் அடங்கும். பதனிடாத தோல், பதனிட்ட தோல், அதிலிருந்து செய்த பொருள் என்று எதனையும் அனுமதியின்றி வைத்திருத்தல் குற்றம். சிறைத் தண்டனை வரை செல்லும். தாத்தா காலத்து மான்தோலைத் தொழுகை விரிப்பாக வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. சட்டம் வந்தபோது அதனை அறிவித்துச் சான்று பெற்றுக்கொண்டார்களா என்பதை இனியேனும் விசாரித்தறிவது நலம்.

"சட்டம் மனிதன் இயற்றியது, மார்க்கம் அனுமதித்ததை அது எப்படித் தடுக்கலாம்?" என்று மாணவன் மடக்கினான். மார்க்கம் அனுமதித்த ஒன்றைப் பொதுநலன் கருதி ஆட்சியாளர் தடுத்தால் அதற்குக் கட்டுப்படுவது நம் நூல்களும் கூறுவதே. மேலும், மான் வேட்டையை எப்போதும் எங்கும் திறந்துவிட்டதாக மார்க்கமும் சொல்லவில்லை. ஹரம் எல்லைக்குள் எவரும், இஹ்ராம் அணிந்தவர் எங்கும் வேட்டையாடலாகாது என்று குர்ஆன் தடை வகுத்தது. பசித்திருந்தாலும் கையெட்டும் தொலைவில் மான் நின்றாலும் கையை மடக்கிக்கொள்ளவேண்டிய இடமும் காலமும் உண்டு என்பது ஹாஜிகள் அறிந்த பாடம்.

அவனுடைய இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. அதற்கு எளிதில் விடை கூற எனக்கு இயலவில்லை. "கொன்றதற்குத் தண்டனை சரி. தானாகச் செத்ததை எரிப்பதால் எந்த மான் பிழைக்கப் போகிறது?" என்றான். உண்மைதான். அந்த ஒரு மானுக்கு அதனால் இலாபம் இல்லை. அதன் தோல் மண்ணோடு போவதில் ஓர் இழப்பு இருக்கிறது. அதனை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் வாயிலிருந்தே விடை வந்துவிட்டதே! வாரம் ஒன்று கிடைக்குமாம். செத்த மானின் தோலுக்கு விலை உண்டு என்று ஆகிவிட்டால் காட்டோரத்தில் மான்கள் நிறையச் சாகும். எல்லாம் 'தானாகவே' சாகும். தைக்கப்பட்ட கண்ணாடிக் கூட்டைப் பார்த்து, இது வாகனம் மோதிய மானா, கண்ணியில் சிக்கிய மானா என்று எவரும் கண்டுகொள்ள முடியாது. தீமைக்கு இட்டுச்செல்லும் வாயிலை அடைத்தல் என்ற விதியை மாலிக்கி, ஹன்பலி இமாம்கள் விரிவாகக் கையாண்டார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபு அதில் தயக்கம் காட்டும். வெளிப்படையான செயலுக்கே தீர்ப்பு, ஊகத்துக்கு அன்று என்பது அதன் போக்கு. எனக்கும் இளமையில் அந்தத் தயக்கமே பிடித்திருந்தது. ஐந்நூறு ரூபாய் முன்பணத்தைப் பார்த்த அன்று, அந்த வாயிலை அடைத்தவர்கள் எதனைக் கண்டு அடைத்தார்கள் என்று புரிந்தது.

இவ்விடத்தில் உமறுப் புலவரை நினையாமல் இருக்க முடியவில்லை. சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' நம் வீடுகளில் பாட்டிமார்கள்கூட அறிந்தது. வேடனின் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வர விடை கேட்கின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்காகத் தாமே பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகின்றது. இந்நிகழ்ச்சியைக் கூறும் அரபி அறிவிப்புகள் பலவீனமானவை என்று ஹதீஸ் கலை வல்லார் கூறியிருப்பதை மாணவர்களுக்கு நான் மறைப்பதில்லை. ஆயினும் தமிழில் அது பெற்ற அழகு வேறு. பிணை என்றால் பெண்மான். பிணை என்றால் ஈடாக நிற்றலும் ஆகும். அரபியில் இல்லாத இந்த இணைப்பு தமிழில் தானாக வந்து அமைந்திருக்கின்றது. மானுக்கு ஈடாக நின்ற ஒருவரைப் பாடிக் கேட்டு வளர்ந்த சமுதாயம், மானின் காலுக்கு முன்பணம் கொடுக்கலாமா? இதை அவனிடம் சொன்னபோது அவன் பேசவில்லை. முன்பணம் திரும்பி வராதே என்று மட்டும் கேட்டான். போகட்டும் என்றேன், பாதியை நான் தருகிறேன் என்றேன். பாதி விடை சொன்னவன் பாதிப் பணம் தரவேண்டியவன் அல்லவா!

தோல் தூய்மையாகும்போது வேறொன்று கெடுவது இந்த ஒரு வழியில் மட்டும் அன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய தென்னிந்தியத் தோல் இலண்டன் சந்தை வரை சென்றது. வெயில் பட்டுச் சிவந்துவிடாமல் இருக்கக் கடைசியாகக் கடுக்காய்நீரில் முக்கி எடுப்பார்கள். பொங்கலன்று பூவைப் பறித்துக் கொள்ளும் ஆவாரஞ்செடிக்குள் ஒரு பெருந்தொழிலே இருந்தது. பிறகு வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்தது. குரோமிய உப்பும் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறியது, குரோமியத்தில் ஒரு நாளிலும் முடிந்தது. தொழில் பெருகியது, பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் எழுந்தன. அந்த வள்ளன்மையை நாம் நன்றியோடு நினைக்கிறோம். பாலாறு என்ன ஆயிற்று? 1996ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தூய்மையாயிற்று, அந்தத் தோல் குளித்த நீரைக் குடிக்கவேண்டியிருந்த கிணறுகளும் வயல்களும் தூய்மை இழந்தன. உளூவின் நீரைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதிய சமுதாயம், கழிவுநீரைப் பற்றி ஒரு வரி எழுதிக்கொள்ள மறந்தது. அந்த ஊர் நண்பர்கள் என்மீது வருந்தக்கூடும். அவர்கள் பலரிடம் விருந்துண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வீண் விரயத்தைப் பற்றி மாணவன் கேட்ட கேள்வி அத்தோடு தீரவில்லை. காட்டுக்குப் போகவேண்டியதில்லை, நம் தெருவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் குர்பானித் தோல்களை வாங்க ஒரு காலத்தில் போட்டி. மதரஸாக்களின் ஆண்டுச் செலவில் அது ஒரு பங்கு. இப்போது ஆட்டுத் தோலின் விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. வண்டிக் கூலிக்குக்கூடத் தேறுவதில்லை என்று வாங்க வருவோர் குறைந்தனர். பெருநாள் மாலையில் பச்சைத் தோல்கள் குப்பைமேட்டில் கிடந்து நாய்கள் இழுப்பதை நானே கண்டிருக்கிறேன். உரியவர்களைப் பார்த்து, இதன் தோலைப் பயன்படுத்தலாகாதா என்று கேட்கவேண்டிய இடம் இதுவே. அந்த ஆடு செத்தும் கிடக்கவில்லை. அல்லாஹ்வின் பெயரால் அறுக்கப்பட்டது.

குர்பானித் தோலை விற்கலாகாது, அறுப்பவருக்குக் கூலியாகவும் கொடுக்கலாகாது என்பது ஷாஃபிஈ சட்டம். அலீ (ரலி) அவர்களிடம் ஒட்டகங்களை ஒப்படைத்த பெருமானார் (ஸல்) அவர்கள், தோலையும் மேல்விரிப்பையும் தர்மம் செய்யச் சொன்னதும், அறுப்பவரின் கூலியை அதிலிருந்து தரவேண்டாம் என்றதும் இதற்குச் சான்று. ஹனஃபிகள், விற்றால் விலையைத் தர்மம் செய்யவேண்டும் என்பர். ஆனால் குர்பானி கொடுத்தவர் அந்தத் தோலைத் தம் வீட்டுக்கென்று வைத்துப் பயன்படுத்துவதை இரு சாராரும் அனுமதிக்கின்றனர். விரிப்பு, வாளி, தோல்பை என்று உதாரணங்களும் நூலில் உள்ளன. அந்த வரிகளைப் பொருளறியாமல் ஓதிச் சென்ற தலைமுறை நம்முடையது. விற்கவோ கொடுக்கவோ மட்டுமே பழகிவிட்டோம்.

இஹ்ராமில் மானை வேட்டையாடிவிட்டவர் அதற்கு ஈடாக என்ன கொடுப்பது என்ற வழக்கில், வெள்ளாடு ஒன்று என உமர் (ரலி) அவர்கள் தீர்ப்புச் செய்தார்கள். மானுக்கு ஈடு வெள்ளாடு. இதையே மாணவனுக்குச் சொல்லி, "உனக்கும் அதுவே தீர்ப்பு" என்றேன். சிரித்தான். "ஆட்டின் கால் தோல் கிடைக்காது ஹஜ்ரத். அம்மா விடமாட்டார்கள்" என்றான். அதுவும் உண்மை. நம் வீடுகளில் ஆட்டுக்காலைத் தோலோடு நெருப்பில் வாட்டி, மயிரைச் சுரண்டிப் பாயா வைத்துவிடுகிறார்கள். வடதுருவத்தார் காலில் அணிவதை நாம் வயிற்றில் அணிகிறோம். ஆகவே கால் தோலை அம்மாவுக்கு விட்டுவிட்டு, உடல் தோலில் கைவைத்தான்.

போன பெருநாளில் மூன்று தோல்களை எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே வேலை நடந்தது. அறுத்த சில மணி நேரத்துக்குள் உப்பிட்டாகவேண்டும். எங்கள் ஊர் வெயிலில் அதற்குமேல் தாமதித்தால் மயிர் வேரோடு கழன்றுவிடும். முதல் தோலில் அப்படியே ஆயிற்று. விருந்தாளிகளைக் கவனித்துவிட்டு அஸருக்குப் பின் வந்து பார்த்தால் கைபட்ட இடமெல்லாம் மயிர் உதிர்ந்தது. இரண்டாவது தோலைப் படிகாரத்திலும் உப்பிலும் சரியாகவே ஊறவைத்தான். ஆனால் ஆவாரம்பட்டைச் சாற்றை எடுத்த எடுப்பிலேயே கெட்டியாக ஊற்றிவிட்டான். மேற்பரப்பு இறுகி, உள்ளே சாறு இறங்காமல் பலகைபோல் ஆகிவிட்டது. நீர்த்த சாற்றில் தொடங்கி நாளுக்கு நாள் கெட்டியாக்க வேண்டுமாம். ஓதிக்கொடுப்பதும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கவனம் தோலில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

மூன்றாவதைப் பொறுமையாகச் செய்தான். உட்புறச் சதையைக் கத்தியின் முதுகால் சீவி, சிறிது சிறிதாகச் சாற்றைக் கூட்டி, ஓரத்தில் ஒரு கீற்று அறுத்துப் பார்த்தான். வெட்டுமுகம் முழுவதும் ஒரே பழுப்பு நிறம். பிறகு புங்க எண்ணெய் தடவி, பாதி ஈரம் இருக்கும்போதே வாசற்படியின் விளிம்பில் இழுத்து இழுத்து மென்மையாக்கினான். குர்பானி அவனுடைய அத்தாவின் பெயரில் கொடுத்தது. அவருக்கு அதில் ஒரு விரிப்பு ஆயிற்று. ஓரத்தில் மிஞ்சிய துண்டை எனக்குக் கண்ணாடிக் கூடாகத் தைத்துக் கொண்டுவந்தான், விற்கவில்லை, அன்பளிப்பு.

நூலோ ஒரு சோதனை சொல்லியிருக்கிறது. அவன் போனபின் அறுத்து வைத்த அந்தக் கீற்றை ஒரு கிண்ணத்து நீரில் போட்டு, இரண்டு இரவு ஊறவைத்தேன். வீட்டில் கேட்டார்கள், இது என்ன புது வேலை என்று. மூன்றாம் நாள் சுப்ஹுக்குப் பின் எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஆவாரம்பட்டையின் வாசம் மட்டுமே இருந்தது.